வெந்நீர் ஊரின் வெள்ளை மண்

செக் நாட்டின் மேற்கு மூலையில் இருக்கும் கார்லோவி வாரி நகரத்தில் வேறெங்கும் எளிதில் காணமுடியாத ஒரு பீங்கான் கோப்பையை விற்கிறார்கள். உள்ளங்கையில் அடங்குகிற அளவு, இருபுறமும் தட்டையான உடல், அதன் மேல் பூக்களோ ஊரின் காட்சியோ தீட்டிய படம். விசேஷம் அதன் கைப்பிடியில்தான். அது உள்ளே துளையுள்ள குழல். கோப்பையின் அடிப்பக்கத்தில் உடலோடு இணைந்து, வளைந்து மேலேறி, விளிம்பருகே ஒரு சிறு வாயாகத் திறக்கிறது. கோப்பையில் நீரைப் பிடித்துக்கொண்டு அந்த வாயில் உதட்டை வைத்து, சிறிது சிறிதாக உறிஞ்சியபடி தூண் மண்டபங்களின் நிழலில் மக்கள் நடந்துகொண்டே இருப்பார்கள்.

அவர்கள் குடிப்பது ஊற்று நீர். ஊரிலுள்ள ஊற்றுகளில் சில சுமார் 30 டிகிரி செல்சியஸில் வெதுவெதுப்பாக வரும். பெரியதான வ்ரீட்லோ ஊற்றின் நீரோ சுமார் 73 டிகிரி. மடமடவென்று குடிக்க முடியாத சூடு. குடித்தாலும் உப்பும் இரும்பும் கலந்த சுவை நாக்கை விட்டு எளிதில் போகாது. மெல்லிய குழல் வழியே வரும்போது நீர் கொஞ்சம் ஆறுகிறது, பற்களில் அதிகம் படாமல் உள்ளே போகிறது. நீரிலுள்ள இரும்பு பல்லைக் கறையாக்கும் என்ற அச்சம் இந்த வடிவத்துக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

ஊற்று இருக்கும் ஊரில் கோப்பை விற்பது வியப்பில்லை. ஆனால் இந்தக் கோப்பைக்கு வேண்டிய வெள்ளை மண்ணும் அந்த நீர் வெளிவரும் இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் கிடைக்கிறது. நகரின் எல்லையை ஒட்டிய ஸெட்லெட்ஸ் கிராமத்துக் கயோலின், அதாவது வெண்களிமண், பீங்கான் உலகில் ஒரு தராசுக்கல் போலவே கருதப்பட்டது. ஜெர்மன் மொழியில் ஸெட்லிட்ஸ் என்று வழங்கிய அந்த மண்ணைத்தான் பிற நாட்டுக் களிமண்களின் தரத்தை அளக்க ஆய்வாளர்கள் நெடுங்காலம் மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். நீரும் மண்ணும் ஒரே இடத்தில் அமைந்தது தற்செயலா, அல்லது ஒன்று மற்றொன்றைப் பெற்றதா? நிலவியலாளர்கள் நெடுங்காலம் விவாதித்த கேள்வி இது. பீங்கானை நெருப்பின் கலை என்று சொல்வது வழக்கம். நெருப்புக்கு வெகு முன்பே, மனிதர் தோன்றுவதற்கும் வெகு முன்பே, அதில் பாதிக்கு மேற்பட்ட வேலையை நீர் முடித்துவிட்டது என்பதுதான் இந்த ஊர் எனக்குச் சொல்லும் செய்தி.

முதலில் மேலே வரும் நீரைப் பார்ப்போம். மழையாகப் பெய்து மலைப் பாறைகளின் விரிசல்களில் இறங்கிய நீர் ஆழத்தில் சூடேறுகிறது. அங்கே அது கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் சந்திக்கிறது. வடமேற்கு பொஹிமியாவில் ஓஹ்ரே ஆற்றை ஒட்டிப் பூமியின் மேலோடு நீளவாக்கில் பிளந்து இறங்கியிருக்கிறது. அந்தப் பிளவு வழியாக ஆழத்திலிருந்து இன்றும் வாயு கசிந்துகொண்டிருக்கிறது. சில லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பகுதியில் சிறு எரிமலைகள் வெடித்தன. செப் நகருக்கு அருகே கோமோர்னி ஹூர்கா என்ற சின்னக் குன்று அப்படிப்பட்ட ஒன்று. அது எரிமலையா இல்லையா என்று சண்டை நடந்த காலத்தில், வாதம் செய்வதை விட்டுத் தோண்டிப் பாருங்கள் என்று வற்புறுத்தியவர் ஜெர்மன் கவிஞர் கெதே. அவர் இறந்த பிறகு 1830களில் காஸ்பார் ஷ்டெர்ன்பெர்க் பிரபு தோண்ட வைத்தார். எரிமலைதான் என்று உறுதியானது.

வாயு கரைந்த வெந்நீர் அமிலத்தன்மை பெற்று வழியிலுள்ள கனிமங்களைக் கரைத்து ஏற்றிக்கொள்கிறது. டெப்லா ஆற்றின் குறுகிய பள்ளத்தாக்கில், கருங்கல் விரிசல்கள் வழியே மேலே வரும்போது அழுத்தம் குறைகிறது. கரைந்திருந்த வாயு குமிழ்களாகப் பிரிந்து நீரை உந்தித் தள்ளுகிறது. வ்ரீட்லோவில் நீர் சுமார் 12 மீட்டர் உயரத்துக்குப் பீறிடுகிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 லிட்டர் வருகிறது. ஒரு லிட்டரில் 6 கிராமுக்கு மேல் உப்புகள் உள்ளன. பெருக்கிப் பார்த்தால், நாளொன்றுக்கு 17 டன்னுக்கும் கூடுதலான கனிமத்தை இந்த ஒரே ஊற்று மண்ணுக்கடியிலிருந்து தூக்கி வந்து ஊரின் நடுவே கொட்டுகிறது.

அதில் ஒரு பகுதி அங்கேயே கல்லாகிவிடுகிறது. வாயு வெளியேறியதும் சுண்ணச் சத்து நீரில் தங்க முடியாமல் அரகோனைட் என்ற கனிமமாகப் படிகிறது. கூடவே இரும்பும் படிவதால் நிறம் செம்பழுப்பு. காகிதத்தால் ரோஜாப்பூ செய்து ஊற்று நீரின் வழியில் வைத்துவிட்டால் சில நாட்களில் அதன் இதழ்கள் மேல் கல் தோல் வளர்ந்துவிடும். அந்தக் கல் ரோஜாவை இன்றும் நினைவுப்பொருளாக விற்கிறார்கள். குழாய்களும் இப்படித்தான் அடைத்துக்கொள்ளும். பழைய ஊரின் ஒரு பகுதியே ஊற்று தனக்குத் தானே போட்டுக்கொண்ட இந்தக் கல் மூடியின் மேல் நிற்கிறது. அவ்வப்போது நீர் அந்த மூடியைப் பிளந்துகொண்டு வெளியேறிச் சேதம் செய்ததும் உண்டு.

நான்காம் சார்ல்ஸ் பேரரசர் 1370-ல் இந்த ஊருக்கு நகர உரிமை கொடுத்தார். அவரது வேட்டை நாய் வெந்நீரில் விழுந்து அலறியதால் ஊற்று வெளிப்பட்டது என்று கதை வழங்குகிறது. அந்தக் காலத்தில் நீரைக் குடித்தவர்களைவிட அதில் குளித்தவர்களே அதிகம். மணிக்கணக்கில் தொட்டியில் ஊறுவார்கள். 1522-ல் வாட்ஸ்லாவ் பாயர் என்ற மருத்துவர் இந்த ஊற்றுகளைப் பற்றிய முதல் நூலை வெளியிட்டு, குடிக்கவும் செய்யுங்கள் என்றார். அறிவுரை மெல்லப் பரவி, பிறகு எல்லை மீறியது. ஒரே நாளில் பல பத்துக் கோப்பைகள் குடிக்கும் பழக்கம் வந்தது. 18-ம் நூற்றாண்டில் அதைத் திருத்தியவர் ஊர் மருத்துவரான டாவிட் பெஹர். நீரை வேதியியல் முறையில் ஆராய்ந்தார், 1764-ல் அதிலிருந்து உப்பைக் காய்ச்சி எடுக்கத் தொடங்கினார். அறைக்குள் உட்கார்ந்து குடிக்காமல் ஊற்றருகே போய்க் கொஞ்சமாகக் குடியுங்கள், குடித்தபடி நடங்கள் என்று விதித்தார். கார்லோவி வாரியின் தூண் மண்டபங்களெல்லாம் இந்த ஒரு விதியின் விளைவுதான் என்று சொல்லலாம். யோசெஃப் ஸீடெக் வடிவமைத்து 1881-ல் முடிந்த, ஆலை மண்டபம் என்று பெயர்பெற்ற தூண் மண்டபத்தில் மட்டும் 124 தூண்கள். மழை பெய்தாலும் நோயாளி நடக்க வேண்டுமே.

நடந்துகொண்டே குடிப்பவருக்குக் கையில் ஒரு பாத்திரம் வேண்டும். ஈயக் குவளை கையைச் சுடும். சாதாரணக் கண்ணாடி திடீர்ச் சூட்டில் விரிசல் விடலாம். மண் குவளையின் குறை கொஞ்சம் நாள் கழித்துத்தான் தெரியும். சூளையில் சுட்ட மண்ணுக்குள் நுண்துளைகள் இருக்கின்றன. மேலே பூசிய கண்ணாடிப் பூச்சில் மயிரளவு கீறல் விழுந்தாலும் உப்பு நீர் உள்ளே ஊறி, காயும்போது படிகமாகிப் பூச்சை உரித்துத் தள்ளும். பீங்கானின் உடலில் அப்படித் துளையில்லை. விளிம்பு உடைந்தால் அந்த வாயில் நாக்கை வைத்துப் பாருங்கள். உடைந்த செங்கல்லைப் போல அது நாக்கின் ஈரத்தை இழுத்துப் பிடிக்காது. மெல்லியதாகச் செய்தாலும் வலு குறையாது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விரலின் நிழல் தெரியும்.

இந்தப் பொருளைச் சீனர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவந்தார்கள். ஐரோப்பாவுக்கு அது கப்பலில் வந்த அதிசயம். சாக்சனியின் ஆட்சியாளர் வலிய அகஸ்டஸ் 1717-ல் 151 சீனப் பீங்கான் பொருட்களுக்கு ஈடாகத் தன் குதிரைப்படை வீரர்கள் 600 பேரை பிரஷ்ய மன்னருக்குக் கொடுத்தார். மனிதர்களைக் கொடுத்து ஜாடி வாங்கிய அந்தப் பேரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கும். அகஸ்டஸின் ஆட்சியில்தான் ஐரோப்பாவின் முதல் கடினப் பீங்கானும் பிறந்தது. தங்கம் செய்வதாகச் சொல்லி மாட்டிக்கொண்ட இளைஞன் யோஹான் ஃப்ரீட்ரிஷ் பொட்கர், அறிஞர் ஷிர்ன்ஹவுஸ், சுரங்கமும் உலையும் அறிந்த தொழிலாளர்கள் ஆகியோர் சேர்ந்து 1708-ல் வழியைக் கண்டார்கள். 1710-ல் மைசன் ஊரின் ஆல்பிரெக்ட்ஸ்பூர்க் கோட்டைக்குள் ஆலை தொடங்கியது. கோட்டையைத் தேர்ந்தது அழகுக்காக அல்ல, ரகசியம் வெளியே போகாமல் இருப்பதற்காக. ஆனாலும் 1718-ல் வியன்னாவில் போட்டி ஆலை எழுந்துவிட்டது.

மைசனுக்கு நல்ல வெள்ளை மண் கிடைத்த இடங்களில் முக்கியமானது தாது மலைத்தொடரில் உள்ள அவ்வே. வரைபடத்தில் அவ்வேயிலிருந்து மலையைத் தாண்டித் தெற்கே ஒரு கோடு இழுத்தால் 40 கிலோமீட்டர் சுமாரில் கார்லோவி வாரி வந்துவிடும். இரண்டும் ஒரே குடும்பத்துக் கருங்கல்லின் மேல் இருக்கின்றன. மலைக்கு அந்தப் பக்கம் அரசன் பொன்னாகப் போற்றிய மண், இந்தப் பக்கம் பல பத்தாண்டுகள் யாரும் பீங்கானுக்காகத் தொடாமல் கிடந்தது. காரணம் நிலவியல் அல்ல. பொஹிமியா ஹாப்ஸ்பர்க் பேரரசின் கீழ் இருந்தது. வியன்னா ஆலை 1744-ல் அரசுடைமையானது. தன் ஆலைக்குப் போட்டியாகப் பொஹிமியாவில் இன்னொன்று முளைப்பதை அரசு விரும்பவில்லை.

கருங்கல்லுக்கு வருவோம். முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஆழத்தில் உருகிக் குளிர்ந்து இறுகிய பாறை இது. கையில் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தால் மூன்று பொருட்களைக் கண்ணாலேயே பிரித்தறியலாம். சாம்பல் நிறக் கண்ணாடி போன்ற மணிகள் குவார்ட்ஸ். மினுமினுக்கும் கருப்புச் செதில்கள் அபிரகம். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ கட்டம் கட்டமாகத் தெரிவது ஃபெல்ட்ஸ்பார். இந்த ஊர்க் கருங்கல்லில் ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள் விரல் நீளத்துக்குக்கூட வளர்ந்திருக்கும். இரண்டு படிகங்கள் ஒன்றையொன்று ஊடுருவி வளர்ந்த இரட்டைகளும் உண்டு. அந்த வகை இரட்டையை உலகெங்கும் நிலவியல் மாணவர்கள் இன்றும் கார்ல்ஸ்பாட் இரட்டை என்றே படிக்கிறார்கள். கார்ல்ஸ்பாட் என்பது ஊரின் ஜெர்மன் பெயர். 1785 முதல் 1823 வரை பலமுறை இங்கே வந்து தங்கிய கெதே, இந்தப் படிகங்களைத் தேடிச் சேர்த்தார். கல் செதுக்கும் தொழிலாளி யோசெஃப் முல்லர் திரட்டிய ஊர்ப் பாறைத் தொகுப்பை விளக்கி ஒரு பட்டியல் எழுதினார். வெந்நீரின் பிறப்பையும் அந்தப் பாறைகளுக்கு இடையேதான் தேடினார்.

ஃபெல்ட்ஸ்பாரில் அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன், கூடவே பொட்டாசியமோ சோடியமோ இருக்கும். கார்பன் டை ஆக்சைடு கலந்த நீர் மெல்லிய அமிலம். அது படிகத்தின் மேல் ஓடும்போது பொட்டாசியம், சோடியம் அயனிகளைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. சிலிக்காவில் பெரும்பங்கும் கரைந்து போகிறது. அலுமினியம் எளிதில் கரையாது, தங்கிவிடுகிறது. மிச்சமிருக்கும் சிலிக்காவோடும் நீரோடும் சேர்ந்து அது புதிய கனிமமாகிறது. அதுதான் கயோலினைட். ஆறு பக்கமுள்ள நுண் தகடுகளாக அது வளர்கிறது. தகடொன்று மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். ஈரமாக இருக்கும்போது தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், அதனால் குயவர் விரலுக்கு அது வளைந்து கொடுக்கிறது. அதன் எடையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு நீர். ஈரமாக ஒட்டிய நீர் அல்ல, படிகத்துக்குள்ளேயே கட்டுண்ட நீர்.

இந்த வேலையைச் செய்த நீர் எது? கார்லோவி வாரியில் நிற்பவருக்குப் பதில் கண்ணெதிரே பீறிடுவது போலத் தோன்றும். அமிலத்தன்மையும் சூடும் கொண்ட நீர் கருங்கல்லைத் துளைத்து வருகிறது, பக்கத்திலேயே கருங்கல் வெள்ளை மண்ணாகக் கிடக்கிறது. ஊற்றுதான் மண்ணைப் பெற்றது என்ற முடிவுக்கு வருவது இயல்பு, பலர் வந்தார்கள். ஆனால் களத்தில் தோண்டிப் பார்த்தால் அந்தக் கருத்து நிற்கவில்லை.

கீழிருந்து வெந்நீர் வந்து பாறையை மாற்றியிருந்தால், மாற்றம் விரிசலைப் பின்பற்றும். ஆழம் போகப் போகத் தொடரும், வேர் போலக் கீழே இறங்கும். ஸெட்லெட்ஸ் பகுதியில் நிலைமை தலைகீழ். மேலே முழுக்க வெள்ளைக் களி. சில பத்து மீட்டர் கீழே போனால் ஃபெல்ட்ஸ்பார் பாதி மட்டும் மாறிய நொறுங்கும் பாறை. அதற்கும் கீழே கெட்டியான பழைய கருங்கல். மேலிருந்து கீழாக நீர் இறங்கிய தடம் இது. அந்த வெள்ளைப் படலம் ஊற்று இருக்கும் பள்ளத்தாக்கோடு நின்றுவிடாமல் அகன்ற பரப்பில் பரவியிருக்கிறது. அதன் மேல் பழங்கால மணலும் பழுப்பு நிலக்கரியும் படிந்திருப்பதால், நிலக்கரிக் காடுகள் வளர்வதற்கு முன்பே வெள்ளை மண் உருவாகிவிட்டது என்பதும் தெளிவு. வேறொரு சோதனையும் உண்டு. கனிமம் உருவாகும்போது சுற்றியுள்ள நீரிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. குளிர்ந்த சூழலில் கனமான ஆக்சிஜன் அணுக்களைக் கூடுதலாகவும், சூடான சூழலில் குறைவாகவும் ஏற்கும். ஆகவே ஒரு களிமண் மழைநீரில் பிறந்ததா, வெந்நீரில் பிறந்ததா என்பதை அதன் அணுக்களை எடைபோட்டே சொல்லமுடியும். எரிமலை ஓய்ந்த எத்தனையோ இடங்களில் இந்த முறை பழைய வழக்குகளைத் தீர்த்துவைத்திருக்கிறது.

ஆக இந்த மண்ணை உண்டாக்கியது மழை. இப்போது பனி கொட்டும் பொஹிமியா அன்று வெப்பமும் ஈரமும் நிறைந்த நாடு. அப்படிப்பட்ட நிலத்தை நாம் வெகுதூரம் தேட வேண்டியதில்லை. கொல்லம் பக்கம் குண்டராவிலும் திருவனந்தபுரம் பக்கம் தோன்னய்க்கலிலும் வெட்டியெடுக்கும் வெண்களிமண், கேரளத்துப் பழம்பாறைகள் இப்படித்தான் மழையில் அழுகி உண்டானது. வருடத்தில் பல மாதம் மழை, இலை மக்கிய அமிலம், எப்போதும் வெப்பம் என்று லட்சக்கணக்கான ஆண்டுகள் கழிந்தால் கருங்கல்கூடத் தாங்காது. பொஹிமியாவில் சதுப்பு நிலங்களின் அமில நீர் இன்னொரு உதவியும் செய்திருக்கக்கூடும்: வெள்ளையைக் கெடுக்கும் இரும்பைக் கரைத்து அகற்றியிருக்கலாம்.

அப்படியானால் வெந்நீர் பீங்கான் மண்ணை ஆக்கவே முடியாதா? முடியும். அதற்கு ஜப்பானின் கியூஷு தீவுக்குப் போக வேண்டும். அங்கே அரிதா ஊரின் இஸுமியாமா மலை ஒரு காலத்தில் ரையோலைட் என்ற எரிமலைப் பாறை. நிலத்தடி வெந்நீர் அதை ஊடுருவி, குவார்ட்ஸும் நுண் அபிரகமும் களிமண்ணும் சரியான கலவையில் அமைந்த வெளிர் கல்லாக மாற்றியது. பொடித்து, நீரில் கழுவி, பிசைந்தால் போதும். வேறெதுவும் சேர்க்காமலே பீங்கானாகும். 16-ம் நூற்றாண்டின் கடைசியில் நடந்த கொரியப் போரில் ஜப்பானியப் பிரபுக்கள் கொரியக் குயவர்களைக் கடத்தி வந்தார்கள். அவர்களில் ஒருவரான யீ சாம்-ப்யோங் 1616-ல் இந்தக் கல்லைக் கண்டறிந்தார் என்பது அரிதாவின் மரபு. கல்லை இடித்ததும் நீர்தான்: ஓடைநீர் நிறைந்து நிறைந்து கவிழும் மர உலக்கைகள் இரவும் பகலும் இடித்தன. 1650களிலிருந்து டச்சு வணிகர்கள் இமாரி துறைமுகம் வழியாக அரிதாப் பீங்கானை ஐரோப்பாவுக்கு ஏற்றிச்சென்றார்கள். வெள்ளைப் பரப்பில் இடம் விட்டு விட்டுச் சிவப்பும் பச்சையும் தீட்டும் காகியெமோன் பாணியை மைசன் ஓவியர்கள் அப்படியே பார்த்துப் பழகினார்கள். அரிதாவுக்குப் பக்கத்தில் தாகெயோ, உரெஷினோ என்ற வெந்நீர் ஊர்கள் இன்றும் உள்ளன. நிலத்தடிச் சூடு அங்கே முற்றாக அடங்கிவிடவில்லை.

கார்லோவி வாரியில் மழை செய்ததை அரிதாவில் வெந்நீர் செய்தது. வழி எதுவானாலும், பாறையிலிருந்து வேண்டாததைக் கழுவி வெளியேற்றும் பணி நீருடையது. சூளையில் நடப்பது அதன் மறுபாதி.

நல்ல கடினப் பீங்கானில் ஏறக்குறையப் பாதி கயோலின். மற்றப் பாதியில் ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும். கவனித்துப் பார்த்தால் அந்த மூன்றும் கருங்கல்லின் சரக்கே: ஒன்று அழுகிய ஃபெல்ட்ஸ்பார், ஒன்று அழுகாத ஃபெல்ட்ஸ்பார், ஒன்று குவார்ட்ஸ். வெட்டியெடுத்த மண்ணை நீரில் கலக்கினால் மணல் அடியில் தங்கும், மெல்லிய களி நீரோடு மிதந்து போகும்; அதை வடித்து எடுத்துக் கலவை சேர்ப்பார்கள். குழல் கைப்பிடிக் கோப்பையைச் சக்கரத்தில் வனைய முடியாது. பாலாடை பதத்துக் களிக்குழம்பைப் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவார்கள். பிளாஸ்டர் நீரை உறிஞ்சும். அச்சின் சுவரை ஒட்டிக் களி ஒரு தோலாகப் படியும். வேண்டிய தடிப்பு வந்ததும் மீதிக் குழம்பைக் கவிழ்த்துவிடுவார்கள். கைப்பிடியின் உட்புறம் தானாகவே குழலாகிவிடும். அச்சைத் திறந்ததும் தெரியும் கோப்பை, சுட்டு முடிந்த கோப்பையைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவில் பெரியது. அவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு அச்சு செய்திருப்பார்கள்.

முதல் சூடு சுமார் 900 டிகிரி. அதற்குள்ளேயே, 500 டிகிரியைத் தாண்டியதும், படிகத்துக்குள் கட்டுண்ட நீர் ஆவியாகிப் பிரிந்துவிடும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை அது. பிறகு பூச்சில் தோய்த்து, சுமார் 1,400 டிகிரிக்கு ஏற்றுவார்கள். ஃபெல்ட்ஸ்பார் உருகித் துளைகளை நிரப்பும். குவார்ட்ஸில் ஒரு பகுதி அந்த உருகலில் கரையும். நீரை இழந்த களிமண்ணிலிருந்து முல்லைட் என்ற புதிய கனிமம் நுண் ஊசிகளாக வளர்ந்து, மண்சுவருக்குள் வைக்கோல் போல எல்லாவற்றையும் பிணைக்கும். உச்சச் சூட்டில் சூளைக்குள் காற்றைக் குறைப்பார்கள். ஆக்சிஜன் பற்றாக்குறையில், மண்ணில் தப்பித் தவறி இருக்கும் இரும்பு தன் மஞ்சள் சாயலை இழந்து மெல்லிய நீலச் சாயலுக்கு மாறும். கடினப் பீங்கானின் குளிர்ந்த வெண்மை அங்கிருந்து வருகிறது.

பொஹிமியாவில் இந்த நெருப்பு எரியத் தொடங்கியது 18-ம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில். கார்லோவி வாரிக்குத் தெற்கே மலைக்காட்டுக்குள் இருக்கும் ஹோர்னி ஸ்லாவ்கோவ் பழைய வெள்ளீயச் சுரங்க ஊர். சுரங்கம் நலிந்த காலத்தில், 1792-ல், அங்கே ஒரு பீங்கான் ஆலை எழுந்தது. அரசு உரிமம் கிடைக்க 1812 வரை காத்திருக்க நேர்ந்தது. 1803-ல் ஊற்று நகருக்கு மிக அருகே டெப்லா ஆற்றங்கரையில் ப்ரெஸோவா ஆலை வந்தது. பிர்கன்ஹாமர் என்ற ஜெர்மன் பெயரில் அது புகழ்பெற்றது. 1815-ல் லோகெட் ஊரில் ஹைடிங்கர் சகோதரர்கள் ஒரு ஆலையை நிறுவினார்கள். அவர்களுடைய இன்னொரு சகோதரர் வில்ஹெல்ம் ஹைடிங்கர் கனிமவியல் அறிஞர். 1827 முதல் 1840 வரை இந்தக் குடும்ப ஆலையில் பணிபுரிந்துவிட்டுப் பின்னர் வியன்னா போய், 1849-ல் பேரரசின் நிலவியல் நிறுவனத்துக்கு முதல் இயக்குநரானார். பாறை அறிவும் பானை அறிவும் ஒரே வீட்டில் இருந்ததற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மண் அருகே இருந்தது, விறகும் இருந்தது. வேறெந்தப் பீங்கான் ஊருக்கும் எளிதில் வாய்க்காத ஒன்றும் இங்கே இருந்தது: ஆண்டுதோறும் பணத்தோடும் ஓய்வோடும் ஐரோப்பாவின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்கும் கூட்டம். காலையில் நீர் குடித்து முடித்தவர்களுக்கு மாலை நடையின்போது ஆலைக்குப் போய்ப் பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு. தங்கள் பெயரும் தேதியும் எழுதிய கோப்பை, தாங்கள் குடித்த ஊற்றின் படம் தீட்டிய தட்டு என்று வாங்கிப் போனார்கள். ஊர்க்காட்சி ஓவியம் இந்தப் பகுதிப் பீங்கானில் அவ்வளவு நுட்பமாக வளர்ந்ததற்கு இந்த விருந்தாளிகளே காரணம். தங்க விளிம்புக்கு உள்ளே பள்ளத்தாக்கும் மண்டபமும் எறும்பளவு மனிதர்களும் தெரியும் அந்தக் கோப்பைகளைப் பழைய ஓவியங்களுக்கு இணையாக வைத்துப் பார்க்கத் தகும்.

1870-71-ல் ரயில் வந்தது. சோகோலோவ் பள்ளத்தாக்கின் பழுப்பு நிலக்கரி விறகின் இடத்தைப் பிடித்தது. ஆலைகள் பெருகின, கயோலின் வண்டி வண்டியாக வெளியூர் போனது. அழகுப் பாண்டமும் பெருந்தொழிலாயிற்று.

அந்தக் கட்டத்தில்தான் மண்ணைத் தோண்டுவதற்கும் ஊற்று நீருக்கும் மோதல் தொடங்கியது. கார்லோவி வாரிக்கு வடகிழக்கே, அதே தாது மலைத்தொடரின் அடிவாரத்தில் டெப்லிட்ஸே என்ற இன்னொரு வெந்நீர் ஊர் இருக்கிறது. கெதேயும் பீத்தோவனும் 1812-ல் சந்தித்துக்கொண்டது அங்கேதான். 1879 பிப்ரவரியில் அருகிலுள்ள டுக்ட்ஸோவ் பகுதியில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் சுவர் உடைந்து வெள்ளம் புகுந்தது, தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். சில நாட்களுக்குள் டெப்லிட்ஸேயின் மூல ஊற்று நின்றுபோனது. நூற்றாண்டுகளாக ஓடிய நீர் பாறை விரிசல்கள் வழியே சுரங்கத்துக்குள் வடிந்துவிட்டது. ஊரார் ஊற்று வாயிலேயே கிணறு போலத் தோண்டிக் கீழே இறங்கி நீரைத் தேடிப் பிடித்தார்கள். அது முதல் இறைத்துத்தான் மேலே கொண்டுவர வேண்டியிருந்தது. 1887-ல் மறுபடியும் வெள்ளம், மறுபடியும் இழப்பு.

அதே ஊரை ஒட்டிய டர்ன் பகுதியில், அதே நிலக்கரியை நம்பி, 1892-ல் ரீஸ்னர், ஷ்டெல்மாஹர், கெசல் ஆகியோர் ஒரு பாண்ட ஆலை தொடங்கினார்கள். ஆம்போரா என்ற பெயரில் அறியப்படும் அதன் ஜாடிகளில் கொடிகள் கழுத்தைச் சுற்றி ஏறும், வௌவாலும் பாம்பும் உடலிலிருந்து புடைத்து வெளிவரும், பொன் பூச்சுக்கு நடுவே பெண் முகங்கள் அரைக்கண் மூடிப் பார்க்கும். 20-ம் நூற்றாண்டு பிறந்த வேளையில் ஐரோப்பாவில் செய்யப்பட்ட மிகத் துணிச்சலான அலங்காரப் பாண்டங்களில் அவை சேரும். சூளைக்கு எரிபொருள் தந்த அதே கரிக்குழிகள்தான் ஊரின் வெந்நீரைக் குடித்தவை என்பதையும் மறக்காமல் அவற்றைப் பார்க்க வேண்டும்.

டெப்லிட்ஸேயின் விபத்து மற்ற ஊற்று ஊர்களை எழுப்பியது. நீர் வெளிவரும் வாயை மட்டும் காத்தால் போதாது, அது நிலத்துக்கடியில் நடக்கும் பாதை முழுவதையும் காக்க வேண்டும் என்பது சட்டமாகத் தொடங்கியது. கார்லோவி வாரியைச் சுற்றி இன்று பாதுகாப்பு வளையங்கள் வரையப்பட்டிருக்கின்றன. எங்கே எவ்வளவு ஆழம் தோண்டலாம், எவ்வளவு நீரை இறைக்கலாம் என்பதற்கு அவற்றுள் கட்டுப்பாடு உண்டு. வெள்ளை மண் கிடக்கும் நிலத்தின் ஒரு பகுதியும் அந்த வளையங்களுக்குள் வருகிறது. 2001-ல் செக் நாடு இயற்றிய ஊற்றுகள் பற்றிய சட்டப்படி, அந்த எல்லைக்குள் நடக்கும் வேலைகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடம் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம். ஊற்றுகளைக் கண்காணிப்பதற்கென்றே அதன் கீழ் ஒரு தனி ஆய்வாளர் அலுவலகம் இயங்குகிறது.